உடல் எதற்குச் சாட்சி? கீரிமலையை முன்வைத்து உயிரளவியல் அடையாளம் பற்றிய ஓர் ஆய்வு

“நான் இன்னார்” என்று ஒருவர் சொன்னால் அதை எதைக்கொண்டு உறுதிசெய்வது? அரசுகளும் நீதிமன்றங்களும் ஊர்களும் நெடுங்காலமாகக் கேட்டுவரும் இக்கேள்விக்கு மூன்று வகை விடைகள் உண்டு. அறிந்தவர் சொல் ஒன்று, கையிலுள்ள பத்திரம் இன்னொன்று, உடலிலுள்ள அடையாளம் மற்றொன்று. கைரேகை, கருவிழி, முகம், மரபணு ஆகியவற்றை அளந்து ஒப்பிடும் உயிரளவியல், அதாவது பேச்சுவழக்கில் ‘பயோமெட்ரிக்’, இந்த மூன்றாவது விடையின் இன்றைய வடிவம்.

மூன்று விடைகளையும் உரசிப் பார்க்க யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலுள்ள கீரிமலை பொருத்தமான இடம். நகுலேஸ்வரம் கோயிலாலும் கடலோர நன்னீர்க் கேணியாலும் பெயர்பெற்ற இவ்வூர் வலிகாமம் வடக்கைச் சேர்ந்தது. 1990 யூனில் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டபோது பலாலி, காங்கேசன்துறைச் சுற்றாடல் மக்களோடு இவ்வூராரும் வெளியேறினார்கள். அப்பகுதி பின்னர் உயர் பாதுகாப்பு வலயமானது. போர் 2009இல் முடிந்தபின் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. வலிகாமம் வடக்கில் விடுபடாத காணிகள் இன்னும் உள்ளன. உடுத்த துணியோடு வெளியேறிய குடும்பங்கள் பல, பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் அடையாள அட்டையையும் இழந்தன. அயலவர் திசைக்கொருவராகச் சிதறியதால் ‘இவர் இன்னார்’ என்று சொல்லக்கூடிய வாய்களும் ஊரில் இல்லாமற் போயின. எஞ்சியது உடல் மட்டுமே.

இப்போது இலங்கை அரசு முகம், கைரேகை, கருவிழி மூன்றையும் பதிந்து நாட்டவர் ஒவ்வொருவருக்கும் தனித்துவ டிஜிட்டல் அடையாளம் வழங்க ஆயத்தமாகிறது. அந்த எஞ்சிய உடல், தொலைந்த பத்திரத்துக்கும் சிதறிய ஊருக்கும் ஈடாக நிற்குமா? இதற்குச் சொல்லப்பட்டுள்ள முக்கிய விடைகள், அவை பிறந்த இடங்கள், அவற்றின் பலவீனங்கள் ஆகியவற்றை இக்கட்டுரை வரிசைப்படுத்திப் பார்க்கிறது.

அறிந்தவர் சொல்லும் அரசின் பத்திரமும்

பழைய விடை ஊரிலிருந்து வருவது. யாருடைய பிள்ளை, எந்தக் குறிச்சி, எந்தக் கோயிலில் எத்தனையாம் திருவிழா உபயகாரர் என்பவையே குடாநாட்டில் ஓர் ஆளின் அடையாளம். அரசு இந்த அறிவைப் புறக்கணிக்கவில்லை, அதன்மேல் தன் கட்டமைப்பை எழுப்பியது. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்படி 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்டது. விண்ணப்பம் பொதுவாகக் கிராம அலுவலர் வழியாகப் போகிறது. பத்திரம் தொலைந்தவருக்குச் சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக்கடதாசி துணைநிற்கிறது. ஆகவே இலங்கையில் பத்திரம் என்பது பெரும்பாலும் அறிந்தவர் சொல்லுக்கு அரசு குத்திய முத்திரை.

இம்முறையின் வலு, தவறு நேர்ந்தால் முகம் பார்த்துக் கேட்கலாம், திருத்தலாம் என்பது. பலவீனங்களும் உண்டு. முதலாவது, சொல்லக்கூடியவரிடம் அதிகாரம் குவிகிறது. சாதியும் பகையும் செல்வாக்கும் சாட்சியத்துக்குள் நுழையக்கூடும். இரண்டாவது, இடப்பெயர்வு இதன் வேரை அறுக்கிறது. மல்லாகம், கோணாப்புலம் முகாம்களில் பிறந்து வளர்ந்த ஒருவரை அங்குள்ள கிராம அலுவலர் அறிவார். அந்த ஆளின் பெற்றோருடைய வளவு எதுவென்று சொல்ல அந்த அலுவலரால் முடியாது.

மூன்றாவது பலவீனம் அரசியல் சார்ந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தலைமுறை வழியான பிறப்பை நிறுவும்படி கேட்டு, மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அவர்கள் யார் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. தோட்டத்துப் பெயர்ப்பதிவேடுகளில் அவர்கள் இருந்தார்கள். அடையாளம் நிறுவப்பட்டும் உரிமை மறுக்கப்பட்டது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை நீண்ட இந்த வரலாறு, ‘இவர் யார்’ என்ற கேள்வியும் ‘இவருக்கு என்ன உரித்து’ என்ற கேள்வியும் வேறுவேறு என்பதைக் காட்டுகிறது. உயிரளவியல் குறித்த விவாதங்களில் அடிக்கடி மங்கிப்போவது இந்த வேறுபாடே.

உடலை நம்பிய காலனி ஆட்சி

‘ஆட்கள் பொய் சொல்லலாம், உடல் சொல்லாது’ என்ற நிலைப்பாடு நம் பக்கத்து வங்காளத்தில் வேர்கொண்டது. 1858இல் ஜங்கிப்பூரில் பணியாற்றிய வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, வீதி போடும் பொருள்கள் தர ஒப்பந்தம் செய்த ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையை மையில் தோய்த்து ஒப்பந்தத்தில் பதித்தார். 1877இல் ஹூக்ளியில் நீதவானாக இருந்தபோது ஓய்வூதியம் பெறுவோரிடமும் பத்திரம் பதிவோரிடமும் கைதிகளிடமும் விரல்பதிவு வாங்கினார். இறந்தவர் பெயரில் மற்றவர் ஓய்வூதியம் வாங்குவதைத் தடுப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. இன்றைய நலனுதவித் திட்டங்கள் சொல்லும் நியாயமும் ஏறத்தாழ இதுவே.

டோக்கியோவில் பணிசெய்த மருத்துவர் ஹென்றி ஃபோல்ட்ஸ், குற்றவாளிகளைக் கண்டுபிடிக்கக் கைரேகை உதவும் என்று 1880இல் ‘நேச்சர்’ இதழுக்கு எழுதினார். பிரான்சிஸ் கால்டன் 1892இல் நூலாகவே எழுதினார். இரு விரல்ரேகைகள் தற்செயலாக ஒத்துப்போகும் வாய்ப்பு 6,400 கோடியில் ஒன்று என்று அவர் கணித்தார். மரபுவழியால் மனிதரைத் தரம்பிரிக்க முனைந்த கால்டன், ரேகைகளில் இனத்தின் குறிகளையும் தேடினார். கிடைக்கவில்லை. பாரிசில் அல்போன்ஸ் பெர்த்தியோன் வளர்த்தெடுத்த உடலளவு முறையைக் கைரேகை விரைவில் பின்தள்ளியது. 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் அமைந்தது. ஆயிரக்கணக்கான பதிவுகளிலிருந்து ஒன்றைத் தேடி எடுக்க உதவிய வகைப்பாட்டை உருவாக்கியதில் அஸீஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரு இந்திய அதிகாரிகளுக்குப் பெரும்பங்கு உண்டு. உலகம் அதை அவர்களின் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயராலேயே அறிந்தது.

இந்நிலைப்பாட்டின் வலு மறுக்க முடியாதது. ஒரே ஆளைப் பல்லாண்டுகளுக்குப் பின்னும் ஒரே ஆள் என்று சொல்ல இது உதவுகிறது. ஆனால் அது பிறந்த சூழலைக் கவனிக்க வேண்டும். ஆளும் மொழியை அறியாத குடிமக்களின் சொல்லை நம்ப மறுத்த ஆட்சி, அவர்களின் உடலைக் கேட்டது. அளக்கப்பட்டவருக்கு அளவீட்டை எதிர்த்துப் பேச வழியேதும் வைக்கப்படவில்லை.

டிரான்ஸ்வாலில் எழுந்த மறுப்பு

எதிர்ப்பின் முதற்பெரும் வடிவத்தில் தமிழர் முன்னணியில் நின்றார்கள். 1906இல் தென்னாபிரிக்காவின் டிரான்ஸ்வால் அரசு, எட்டு வயதுக்கு மேற்பட்ட ஆசியர் அனைவரும் பத்து விரல்களையும் பதிந்து சான்றிதழ் பெற வேண்டும் என்ற சட்ட வரைவைக் கொண்டுவந்தது. கைரேகை முறை அங்கு வேரூன்றியதற்கு, 1900இல் பொலிசை ஒழுங்கமைக்கத் தென்னாபிரிக்கா சென்ற அதே எட்வர்ட் ஹென்றியும் ஒரு காரணம். 1906 செப்டெம்பர் 11இல் ஜோஹன்னஸ்பேர்க்கில் கூடிய இந்தியர் பணியமாட்டோம் என்று உறுதிபூண்டார்கள். காந்தி வழிநடத்திய அப்போராட்டத்தில் தம்பி நாயுடு போன்றோர் மீண்டும் மீண்டும் சிறை சென்றார்கள்.

1908 ஜனவரியில் காந்தி டிரான்ஸ்வால் அரசின் ஸ்மட்ஸுடன் உடன்பாடு கண்டு, தாமாக முன்வந்து பதிவதை ஏற்றார். பெப்ரவரி 10இல் பதியச் சென்ற வழியில், உடன்பாட்டைத் துரோகமாகக் கண்ட தோழர்களே அவரைத் தாக்கினார்கள். உடன்சென்ற தம்பி நாயுடுவும் காயமுற்றார். சட்டம் நீக்கப்படாததைக் கண்டு ஓகஸ்ட் 16இல் சான்றிதழ்கள் மொத்தமாகத் தீயிடப்பட்டன. விரல்பதிவே இழிவா, அல்லது வற்புறுத்தலும் இனம்பிரித்தலும்தான் இழிவா என்ற பிளவு அன்றே போராட்டத்துக்குள் இருந்தது. காந்தி இரண்டாவதை நம்பினார். அவரைத் தாக்கியவர்கள் முதலாவதை நம்பினார்கள்.

இந்தப் பிளவு இன்றைய நீதிமன்றத் தீர்ப்புகளிலும் தொடர்கிறது. அடையாள அட்டைக்காக அனைவரிடமும் கைரேகை வாங்குவது அரசியலமைப்புக்கு முரண் என்று தாய்வானின் அரசியலமைப்பு நீதிபதிகள் 2005இல் முடிவுசெய்தார்கள். ஜமெய்க்காவின் நீதிமன்றம் 2019இல் கட்டாயப் பதிவுச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2017இல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வில் ஒருமனதாக அறிவித்தது. மறு ஆண்டு, அந்நாட்டின் உயிரளவியல் அடையாளத் திட்டமான ஆதாரை 4க்கு 1 என்ற பெரும்பான்மையில் ஏற்றுக்கொண்டு, தனியார் நிறுவனங்கள் அதைக் கேட்க இடமளித்த பகுதியை நீக்கியது. நீதிபதி சந்திரசூட் மட்டும் திட்டம் முழுவதையும் ஏற்க மறுத்தார்.

உரிமைவழி மறுப்பின் பலவீனம், அது பத்திரமற்றவரின் நிலையைச் சில வேளைகளில் மறந்துவிடுவது. அடையாளம் ஏற்கெனவே கையில் உள்ளவருக்கு அந்தரங்கம் முதற்கவலை. எதுவும் இல்லாதவருக்கோ பதியப்படுவதே முதல் உரிமையாகத் தோன்றலாம்.

ஒப்பீட்டின் கணக்கு

மேற்கண்ட இரு தரப்பும் ‘உடல் பொய் சொல்லாது’ என்பதை ஏறத்தாழ ஏற்றே வாதிட்டன. பொறியியலாளரும் புள்ளியியலாளரும் அதையே கேள்விக்குட்படுத்துகிறார்கள். கருவி விரலைப் பார்ப்பதில்லை, விரலின் ஒரு படத்திலிருந்து எடுத்த அளவுகளைப் பழைய அளவுகளோடு ஒப்பிடுகிறது. இரண்டும் முற்றாக ஒத்துப்போவதே இல்லை. எவ்வளவு ஒத்தால் ஒரே ஆள் என்று கொள்வது என்ற எல்லையை மனிதர் வரைகிறார்கள். எல்லையை இறுக்கினால் உரியவர் திருப்பி அனுப்பப்படுவார். தளர்த்தினால் பிறர் நுழைந்துவிடுவார். இரண்டையும் ஒன்றாகக் குறைக்கக் கருவி மேம்பட வேண்டும், பதிவின் தரமும் உயர வேண்டும்.

இன்னொரு வேறுபாடும் முக்கியமானது. ‘இவர் தாம் சொல்லும் ஆள்தானா’ என்று ஒருவரை ஒரு பதிவோடு ஒப்பிடுவது எளிது. ‘இவர் யார்’ என்று நாட்டின் முழுப் பதிவேட்டிலும் தேடுவது மிகக் கடினம். எடுத்துக்காட்டாக, ஒரு கருவி இலட்சம் ஒப்பீடுகளில் ஒருமுறை மட்டும் தவறாக ஒப்பும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கோடிக்கு மேற்பட்ட இலங்கையர் பதிவேட்டில் ஒருவரைத் தேடினால் இருநூறுக்கு மேற்பட்ட பிறர் ‘இவரே அவர்’ என்று எழுந்து நிற்பார்கள். அதனாலேயே நாடளாவிய திட்டங்கள் பத்து விரல்களையும் இரு கருவிழிகளையும் சேர்த்துக் கேட்கின்றன.

தவறுகள் எல்லோர் மீதும் சமமாக விழுவதில்லை. உழைத்துத் தேய்ந்த விரல்களில் ரேகை மங்கும், முதுமையில் தோல் தளரும். செம்மண் தோட்டத்தில் வெங்காயம் நடுபவர், வலையும் கயிறும் இழுக்கும் கடற்றொழிலாளர், கல்லுடைப்பவர் ஆகியோர் நிறைந்த கீரிமலை, சேந்தாங்குளம், மயிலிட்டிப் பகுதிகளில் இது புறக்கணிக்கத்தக்க விடயம் அன்று. முகத்தைப் பொறுத்தவரை, அமெரிக்கத் தேசிய தர நிர்ணய நிறுவனம் 2019இல் 189 மென்பொருள்களைச் சோதித்தது. அவற்றுள் பலவற்றில் ஆசிய, ஆபிரிக்க வழியினரின் முகங்களைத் தவறாக ஒப்புவது வெள்ளையரோடு ஒப்பிடுகையில் பத்து முதல் நூறு மடங்கு வரை கூடியிருந்தது. நிபுணர் கண்ணும் தப்பும். 2004 மட்ரிட் குண்டுவெடிப்பில் கிடைத்த ஒரு விரல்பதிவு அமெரிக்க வழக்கறிஞர் ஒருவருடையது என்று அந்நாட்டுப் புலனாய்வுப் பணியகத்தின் நிபுணர்கள் உறுதியாகச் சொன்னார்கள். அவர் கைதானபின் அது வேறொருவருடையது என்று ஸ்பெயின் பொலிசார் கண்டறிந்தார்கள்.

இத்தரப்பின் எச்சரிக்கை பயனுள்ளது. ஆனால் பிழைவீதம் ஆண்டுதோறும் குறைந்துவருவதால், இதை மட்டும் நம்பி வாதிடுவோர் நாளை வாதமின்றி நிற்கவும் கூடும். பிழையே இல்லாத கருவியும் தீர்க்காத கேள்விகள் உள்ளன.

பங்கீட்டுக் கடையில் கிடைத்த சான்றுகள்

உயிரளவியலுக்கு ஆதரவான இன்றைய முதன்மை வாதம் நலனுதவி பற்றியது. போலிப் பெயர்களும் இடைத்தரகரும் ஒழிந்தால் ஏழைக்கு உரியது ஏழைக்கே சேரும் என்பது அதன் சாரம். இதைப் பரிசீலிக்க இந்தியாவே பெரும் களம். 2009இல் தொடங்கிய ஆதார் அதிகாரசபை 2010 செப்டெம்பரில் மகாராஷ்டிராவின் தெம்ப்ளி கிராமத்தில் முதல் இலக்கத்தை வழங்கியது. 2016இல் எண்ணிக்கை நூறு கோடியை எட்டியது.

கார்த்திக் முரளிதரன், பால் நீஹவுஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகிய பொருளியலாளர் ஆந்திராவில் செய்த ஆய்வு, விரல்பதிவு அட்டையால் வேலையுறுதிக் கூலி விரைவாகவும் குறைந்த கசிவோடும் மக்களுக்குச் சேர்ந்ததைக் காட்டியது. ஆட்கள் விலக்கப்பட்டதற்கான சான்று அங்கு கிடைக்கவில்லை. அதே குழு ஜார்க்கண்டின் பங்கீட்டுக் கடைகளில் ஆதார் சரிபார்ப்பை ஆராய்ந்தபோது படம் மாறியது. முதற்கட்டத்தில் கசிவு குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஆதாரோடு அட்டையை இணைத்திராதவர்கள் பெற்ற பொருளின் பெறுமதி ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. பின்னர் பதிவுகளை வைத்து ஒதுக்கீட்டைக் குறைத்தபோது கசிவும் குறைந்தது, மக்கள் கைக்குச் சேர்ந்ததும் குறைந்தது. பொருளியலாளர்களான ஜீன் டிரேஸும் ரீத்திகா கேராவும் இந்த விலக்கலை நெடுநாளாக எழுதிவருகிறார்கள்.

ஒரே தொழில்நுட்பம் இரு மாநிலங்களில் இரு விளைவுகளைத் தந்ததற்கு நடைமுறை வேறுபாடே முக்கிய காரணமாகத் தெரிகிறது. ஆந்திராவில் சரிபார்ப்பு தவறினாலும் கொடுக்க இடம் விடப்பட்டிருந்தது, பயனாளர் அனுபவமே அளவுகோலாக இருந்தது. ஜார்க்கண்டில் மிச்சப்படுத்துவது முன்னுக்கு வந்தது. 2023இல் அஸ்வெசும என்ற நலனுதவிக் கொடுப்பனவைத் தொடங்கி, பெயர் விடுபட்டோரின் முறையீடுகளை எதிர்கொண்ட இலங்கை இதைக் கருத்திற்கொள்ள வேண்டும். அக்கொடுப்பனவு குறித்து எழுந்த பெரும்பாலான முறையீடுகள் ‘இவர் யார்’ என்பது பற்றியவை அல்ல, ‘இவர் தகுதியானவரா’ என்பது பற்றியவை. கைரேகை அதற்கு விடை சொல்லாது.

தலையாட்டியும் கமெராவும்

பாதுகாப்புத் தரப்பின் வாதம், ஆள்மாறாட்டத்தையும் வன்முறையையும் தடுக்க உறுதியான அடையாளம் வேண்டும் என்பது. வடக்கில் இவ்வாதத்துக்கு ஒரு நினைவு உண்டு. இந்தியப் படைக் காலத்திலும் அதன் முன்பின்னும் நடந்த சுற்றிவளைப்புகளில், முகம் மறைத்த ஒருவர் முன்னால் ஊரார் வரிசையாக நடத்தப்பட்டார்கள். அவரைத் தலையாட்டி என்பார்கள். அவர் தலை அசைத்தால் அந்த ஆள் பிடிபட்டார். ஏன் அசைத்தார் என்று கேட்க வழியில்லை, தவறாக அசைத்ததற்குப் பொறுப்பாளியும் இல்லை. ஒரு கூட்டத்திலிருந்து ஒருவரைப் பிரித்தெடுக்கும் முக அடையாளம் காணல் வடக்கிற்குப் புதிதன்று. கமெரா தலையாட்டியைவிடத் துல்லியமாக இருக்கலாம். அதன் அசைவை யார் கேள்வி கேட்கலாம் என்பதே ஆராய வேண்டியது.

சோதனைச்சாவடிக் காலத்தில் அடையாள அட்டையே இன அடையாளமாகவும் இயங்கியது. வடக்கு கிழக்கு அட்டைகளில் சிங்களத்தோடு தமிழும் இருந்தது, பிற மாவட்டத்து அட்டைகள் நெடுங்காலம் சிங்களத்தில் மட்டும் இருந்தன. கொழும்பில் அட்டையை நீட்டிய கணமே வடக்கத்தியார் என்பது தெரிந்துவிடும். பின்னர் எல்லா மாவட்டத்து அட்டைகளிலும் தமிழ் சேர்ந்ததால் இது சீரானது. ஆயினும் ஓர் அடையாளச் சாதனம் எண்ணியதற்கு மேல் பேசும் என்பதற்கு இது சான்று.

புலம்பெயர்ந்த தமிழர் இன்னொரு பக்கத்தை அறிவார்கள். 2003 ஜனவரியில் இயங்கத் தொடங்கிய யூரோடாக், ஐரோப்பாவில் தஞ்சம் கேட்போரின் கைரேகைகளைப் பொதுப் பதிவேட்டில் சேர்க்கிறது. முதலில் எந்த நாட்டில் பதிந்தாரோ அந்நாட்டுக்கே ஒருவரைத் திருப்பியனுப்ப அது வழிசெய்தது. தஞ்சத்துக்காகத் திரட்டிய பதிவுகள் 2015 முதல் பொலிசுக்கும் திறக்கப்பட்டன. 2024இல் நிறைவேறிய புதிய விதி, பதிவுக்கான வயதை 14இலிருந்து ஆறாகக் குறைத்து முகப்படத்தையும் சேர்த்தது. ஒரு நோக்கத்துக்கு எடுத்தது வேறு நோக்கத்துக்குப் போவதை இங்கே ஆண்டுவாரியாகக் காணலாம். ஐ.நா. அகதிகள் முகவரகம் பங்களாதேஷில் திரட்டிய ரோஹிங்கியர் தரவுகள் அவர்கள் தப்பியோடி வந்த மியன்மார் அரசிடமே பகிரப்பட்டதாக மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2021இல் குற்றஞ்சாட்டியது. முகவரகம், மக்களின் ஒப்புதல் பெறப்பட்டது என்று பதிலளித்தது.

களவுபோனால் மாற்ற முடியாது என்பதும் உடல் தரவின் தனித்த இடர். 2015இல் அமெரிக்க அரசின் ஆளணி அலுவலகத்திலிருந்து 56 இலட்சம் பேரின் கைரேகைகள் களவாடப்பட்டன. கடவுச்சொல்லை மாற்றலாம், விரலை மாற்ற முடியாது.

இறந்தவரும் காணாமற்போனவரும்

கீரிமலைக்கு உரிய இன்னொரு கோணம் உண்டு. தந்தையை இழந்தவர்கள் ஆடி அமாவாசைக்குப் பிதிர்க்கடன் கழிக்க இக்கேணிக்கு வருகிறார்கள். இறப்பு உறுதியானவருக்கே அந்தக் கிரியை. காணாமற்போனவரின் குடும்பம் கிரியை செய்வதா, காத்திருப்பதா என்ற இடைநிலையில் நிற்கிறது. 2016இல் அறிமுகமான ‘காணக்கிடைக்கவில்லை’ என்ற சான்றிதழும், அதே ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகமும் அந்த இடைநிலைக்கு அரசு தந்த விடைகள். குடும்பங்கள் பல அவற்றை நம்ப மறுக்கின்றன.

இங்கே உடல் அடையாளம், கண்காணிப்பின் கருவியாக அல்லாமல் குடும்பத்தின் கோரிக்கையாக வருகிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கல்முனை வைத்தியசாலையில் 81ஆம் இலக்கத்தோடு பதியப்பட்ட குழந்தையின் பெற்றோர் யார் என்பதை 2005 பெப்ரவரியில் மரபணுச் சோதனையே நீதிமன்றத்தில் தீர்த்தது. ஆர்ஜென்டீனாவில் இராணுவ ஆட்சியின்போது பறிக்கப்பட்ட குழந்தைகளைத் தேடிய பாட்டிமாரின் முயற்சியால் 1987இல் தேசிய மரபணு வங்கி சட்டப்படி அமைந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் தம் குடும்பத்தை அதனால் அறிந்தார்கள்.

யாழ்ப்பாணம் செம்மணி சித்துப்பாத்தியில் 2025இல் நடந்த அகழ்வில் இருநூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அவ்வாண்டு ஓகஸ்டில், கிடைத்த உடைகளும் பொருள்களும் நீதிமன்ற அனுமதியோடு மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. யாருடைய சட்டை, யாருடைய பை என்று உறவினர் சொல்லக்கூடும் என்பது நோக்கம். அறிந்தவர் கண் இன்னும் தேவைப்படுகிறது. மரபணுவும் தனித்து நின்று பெயர் சொல்லாது. உயிரோடுள்ள தாயோ உடன்பிறந்தவரோ தம் மாதிரியைத் தந்தால்தான் ஒப்பிட ஏதேனும் இருக்கும். அவர்கள் தருவதோ, எடுப்பவரை நம்பினால் மட்டுமே. தாய்மார் முதுமையடைந்து இறந்துவரும் நிலையில் இது காலம் கடக்கும் கடமை.

இலங்கையின் புதிய அடையாளம்

இலங்கையின் தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டத்துக்கு இந்தியா நன்கொடை வழங்குகிறது. 2022 மார்ச்சில் புரிந்துணர்வு ஒப்பந்தம் ஒப்பமாகி, 2023இல் 45 கோடி இந்திய ரூபாய் முற்பணமாகத் தரப்பட்டது. அயல்நாட்டு உதவியோடு அமையும் பதிவேட்டின் கட்டுப்பாடு யாரிடம் இருக்கும் என்று தென்னிலங்கைக் கட்சிகள் இறைமையின் பெயரால் கேட்டன. வடக்கில் எழும் கேள்வி வேறு: பதிவேடு எந்நாட்டாரிடம் இருக்கிறது என்பதைவிட, எந்தத் திணைக்களம் அல்லது படைப்பிரிவு அதைத் திறக்கலாம் என்பதே பலருக்குக் கவலை.

சட்டக் காப்பு ஓரளவு உண்டு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உயிரளவியல் தரவைச் சிறப்பு வகையாகக் கொண்டு கூடுதல் நிபந்தனைகளை விதிக்கிறது. ஆனால் தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்றவற்றுக்கு விலக்கு வைக்கவும் அது இடமளிக்கிறது. பிரித்தானியா 2006ஆம் ஆண்டு அடையாள அட்டைச் சட்டத்தை 2010இல் நீக்கி, பதிவேட்டையும் அழித்தது. தொடங்கிய பதிவேட்டைக் கைவிடலாம் என்பதற்கு அது முன்னுதாரணம். பதிவேட்டை மையத்தில் வைக்காமல் ஒப்பீட்டு அளவுகளை அட்டைக்குள்ளேயே வைக்கும் வடிவமைப்பும் உண்டு. அதில் களவின் சேதம் சுருங்கும். அதேவேளை, ஒருவர் இருமுறை பதிவதைக் கண்டுபிடிப்பது கடினமாகும்.

மதிப்பீடு

மேற்கண்ட நிலைப்பாடுகளை ஒருங்கே வைத்துப் பார்த்தால் சிலவற்றை ஓரளவு துணிந்து சொல்லலாம். உயிரளவியல் தரும் விடை, ‘அன்று பதிந்தவரும் இன்று நிற்பவரும் ஒருவரே’ என்பது மட்டுமே. அன்று பதிந்தவர் இன்னார் என்பதை அது வேறிடத்திலிருந்து கடன் வாங்குகிறது: பிறப்புச் சான்றிதழிலிருந்து, கிராம அலுவலரின் ஒப்பத்திலிருந்து, உறவினர் சொல்லிலிருந்து. பெயரோ பிறந்த ஊரோ முதற்பதிவில் பிழையாகிவிட்டால், கருவி அப்பிழையை ஒவ்வொரு முறையும் உறுதிப்படுத்தும். ஆகவே இழந்த பத்திரத்துக்கு உடல் ஈடாகாது. பத்திரம் ஒருமுறை சரியாக அமைந்தபின் அது பிறர் கைக்குப் போகாமல் காக்கவே உடல் உதவும். கீரிமலையில் ஒரு வளவு யாருடையது என்ற பிணக்கில், உறுதியும் பழைய காணிப் பதிவேடான தோம்பும் எல்லையறிந்த அயலவரும் செய்யும் வேலையை விரல் செய்யாது.

ஆதரவாளரும் எதிர்ப்பாளரும் துல்லியத்தைப் பற்றி அதிகம் வாதிடுகிறார்கள். சான்றுகள் சுட்டுவது, விளைவைத் தீர்மானிப்பதில் துல்லியத்துக்கு நிகராக மூன்று ஏற்பாடுகளுக்குப் பங்குண்டு என்பதை. முதற்பதிவு யார் சொல்லைக்கொண்டு நடக்கிறது, ஒப்பீடு தவறும்போது இழப்பை யார் சுமக்கிறார், பதிவேட்டைத் திறக்கும் உரிமை யாருக்கு என்பவையே அவை. ஆந்திராவுக்கும் ஜார்க்கண்டுக்கும், ஆர்ஜென்டீனாவின் மரபணு வங்கிக்கும் யூரோடாக்குக்கும் இடையிலான தூரத்தை இம்மூன்றும் பெருமளவு விளக்குகின்றன.

தீராதவையும் உள. இடம்பெயர்ந்தோரின் முதற்பதிவைத் திருத்த எளிய, உள்ளூரிலேயே முடியும் வழி அமையுமா? விரல் ஒப்பாதவருக்கு மாற்றுவழி சட்ட உரிமையாக இருக்குமா, அலுவலரின் தயவாக இருக்குமா? பாதுகாப்புக்கான விலக்கை நீதிமன்றம் முன்கூட்டியே பரிசீலிக்குமா? காணாமற்போனோரின் உறவினர் தரும் மரபணு, குற்றப்புலனாய்வுக்குப் போகாதபடி தனித்து நிற்கும் ஓர் அமைப்பின் கையில் இருக்குமா? இவற்றுக்கு ஆய்வுக்கூடம் விடை தராது. பதிவு தொடங்குமுன் சட்டத்தில் எழுதப்பட்டால் சில தீரலாம். தொடங்கியபின் எழுத முற்பட்ட நாடுகளின் அனுபவம் நம்பிக்கை தருவதாக இல்லை.